பெட்டி இருக்கிறது, காகிதம் எங்கே?

பழைய வெப்பப் பதிவுக் கருவிகளுக்கு இப்போது நல்ல விலை. பித்தளையும் கண்ணாடியுமாக ஒரு பெட்டி, உள்ளே நின்றவாறு மெல்லச் சுற்றும் ஓர் உருளை, அதன்மேல் மை தொட்டு நிற்கும் மெல்லிய பேனா முள். கூடத்து அலமாரி மேல் வைத்தால் வீட்டுக்கே ஒரு களை வந்துவிடும். வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெட்டியோடு இருந்திருக்க வேண்டிய காகிதக் கட்டு எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி.

இவற்றில் பெயர் பெற்றவை பாரிஸில் ஜூல் ரிஷாரும் அவர் சகோதரரும் 1880-களில் செய்து விற்றவை. பெட்டியின் மேல் ‘ரிஷார் ஃப்ரேர்’ என்று பொறித்திருக்கும். ரிஷார் சகோதரர்கள் என்று பொருள். பழம்பொருள் கடைக்காரர்கள் ‘ரிச்சர்டு’ என்பார்கள், நாம் ரிஷார் என்றால் அவர்களுக்கு விளங்காது. பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு இது ஒரு சின்ன சங்கடம், போகட்டும். பிரெஞ்சில் இந்தக் கருவிக்கு ‘தெர்மோமெத்ர் ஆன்ரெஜிஸ்த்ரேர்’ என்று பெயர். சொத்துப் பத்திரத்தைப் பதிவு செய்வதற்கும் அதே வினைச்சொல்தான். எனக்கு இது மிகப் பொருத்தமாகப் படுகிறது. சாதாரண வெப்பமானி வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகிற சாட்சி. இது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற சாட்சி.

வேலை செய்யும் விதம் எளிது. வளைந்த தட்டையான உலோகக் குழாய் ஒன்றில் ஆல்கஹால் அடைத்திருப்பார்கள். வெயில் ஏறினால் ஆல்கஹால் விரிந்து, குழாயின் வளைவு சற்றே நிமிரும். கண்ணுக்குத் தெரியாத அந்த அசைவை நெம்புகோல் பெரிதாக்கி நீண்ட கைக்குக் கொடுக்கும், கையின் நுனியில் பேனா. உருளைக்குள் கடிகார இயந்திரம், வாரம் ஒரு சுற்று. மை சீக்கிரம் உலராமலிருக்க அதில் கிளிசரின் சேர்ப்பார்கள். பேனாக் கை ஒரு முனையில் நின்று ஊசலாடுவதால், காகிதத்தில் மணிக் கோடுகள் நேராக இல்லாமல் வில் போல வளைந்திருக்கும். வாரத்துக்கு ஒருமுறை சாவி கொடுத்து, மை விட்டு, புதுத் தாள் சுற்றி, பழையதை எடுத்துத் தேதி போட்டு வைப்பது ஒரு குமாஸ்தாவின் வேலை. இந்த வேலையை யாரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

அந்தத் தாளில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் புதுவையையே எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் காலையிலிருந்து கோடு மளமளவென்று ஏறும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று நுழைந்ததும் சட்டென்று மடங்கி ஒரு படி இறங்கும். உச்ச அளவை மட்டும் காட்டும் வெப்பமானி அன்றைய அதிக வெப்பம் இவ்வளவு என்று சொல்லும், அவ்வளவுதான். கடற்காற்று பதினோரு மணிக்கு வந்ததா, இரண்டு மணிக்கு வந்ததா, வராமலே ஏமாற்றியதா என்பது கோட்டில்தான் இருக்கிறது. மாலை மழையும் அப்படியே, கோடு செங்குத்தாக விழுந்திருக்கும்.

கோட்டை நம்பி உட்கார்ந்த ஒருவரின் கதையும் உண்டு. பாரிஸுக்கு அருகே திராப் என்ற ஊரில் தெய்ஸ்ரான் து போர் என்பவர் பதிவுக் கருவிகளைப் பலூனில் கட்டி மேலே அனுப்பினார். மேலே போகப் போகக் குளிர் கூடிக்கொண்டே போகும் என்பதுதான் அப்போதைய நம்பிக்கை. சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் கோடு இறங்க மறுத்தது. கருவியில் வெயில் பட்டதால் வந்த கோளாறு என்று சந்தேகித்து இரவிலும் பலூன் விட்டார். அப்போதும் இறங்கவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட பலூன்களுக்குப் பிறகு 1902-ல் முடிவை வெளியிட்டார். இன்று ஸ்ட்ராட்டோஸ்பியர் என்கிறோமே, அந்த அடுக்குக்குப் பெயர் வைத்தவரும் அவரே. ஒரு தாளில் கோடு வளையாமல் போனதிலிருந்து வந்த சங்கதி இது.

இனி என் ஆதங்கத்துக்கு வருகிறேன். நான் உத்தியோகத்தில் இருந்தபோது ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், பதிவறையைக் காலி செய்தார்கள். வருஷக்கணக்கான வாரத் தாள்கள் சணல் கட்டோடு எடைக்குப் போயின. அவர்கள் சொன்ன காரணம்: “மணிவாரி அளவுகளை ரிஜிஸ்டரில் ஏற்றியாயிற்று, அப்புறம் இது எதற்கு?” கருவியைப் போடவில்லை, அது மேலதிகாரி அறையில் அழகாக உட்கார்ந்திருந்தது.

ரிஜிஸ்டர் என்பது நகல். கோட்டிலிருந்து யாரோ ஒருவர் கண்ணால் பார்த்து எடுத்து எழுதியது. மணிக்கு ஓர் எண், இடையில் நடந்தது போயிற்று. நகலில் ஐயம் வந்தால் மூலத்தைப் பார் என்று எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்தார்கள். பத்திரத்துக்கு உள்ள அந்த மரியாதை தாளுக்கு ஏன் இல்லை?

இந்தக் கருவி பாதரச வெப்பமானி அளவுக்குத் துல்லியமில்லை என்பார்கள். உண்மைதான். அதனால்தான் பொறுப்பான ஆட்கள் பேனாவை லேசாகத் தட்டி ஒரு குறி விட்டு, அந்த நேரத்துப் பாதரச அளவைத் தாள் ஓரத்தில் எழுதிவைத்தார்கள். அந்தக் குறி இருந்தால் இன்றைக்கும் கோட்டின் பிழையைக் கணக்கிட்டுத் திருத்தலாம். குறியும் தாளோடுதான் போகிறது. ஊர் முன்பைவிடச் சூடாகிவிட்டது என்று எல்லோரும் பேசுகிறோம். எந்த மாதத்தில், பகலிலா இரவிலா, கடற்காற்று முன்னைப்போல் வருகிறதா என்று அறிய வேண்டுமானால் பழைய தாள்தான் வேண்டும்.

எனவே இப்படி ஒரு பெட்டி வாங்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். விலை பேசும்போதே தாள்கள் உண்டா என்று கேளுங்கள். உருளையில் கடைசித் தாள் சுற்றியபடியே இருப்பதுண்டு, அதைக் கிழித்துவிட்டுப் புதுசு சுற்றிக் காட்டுவார்கள், விடாதீர்கள். ஊரும் தேதியும் தாளின் பின்பக்கத்தில் இருக்கக்கூடும். பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்ட வேண்டாம், முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்தால் போதும். எழுத்து பிரெஞ்சில் இருந்து விளங்காவிட்டால் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.