புது யானையா? பழைய யானையா?

ஈரோட்டுப் பக்கம் ஒரு குடும்பத்தை நினைத்துக் கொள்ளலாம். மஞ்சள் வியாபாரம். வீட்டில் 6 பேர். அப்பா, அம்மா, பாட்டி, மூன்று பிள்ளைகள். இருந்த கார் கிழடாகி விட்டது. பெரிய காராக ஒன்று வாங்க வேண்டும். கையில் 40 லட்சம் ரூபாய் இருக்கிறது. பாங்கியில் இன்னும் 20 லட்சம் கிடைக்கும்.

கல்லூரியில் படிக்கும் மூத்த மகன், "புதுக் கார்தான் வேண்டும்" என்கிறான். அவன் காட்டுவது 50 லட்ச ரூபாய்க் கார். வெளிநாட்டுக் கம்பெனி. பெயர் பெரிது, கார் சிறிது. 5 பேர்தான் உட்காரலாம்.

அப்பா வேறு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். 7 பேர் உட்காரும் கார். ஜீப் மாதிரி உயரம். "எஸ்.யு.வி." என்கிறார்களே, அந்த ரகம். புதிதில் அதன் விலை 90 லட்சம். 5 ஆண்டு ஓடியிருக்கிறது. இப்போது 45 லட்சத்துக்கு வருகிறது.

"பாதி விலைக்கு வருது. விடலாமா?" என்கிறார் அப்பா.

அதுவரை சும்மா இருந்த அம்மா கேட்கிறார்: "ஏனுங்க, யானை வாங்கறது ஒரு நாளுங்க. தீனி போடறது தினமுங்களே!"

சரியான கேள்வி. இதைக் கேட்காமல்தான் பல குடும்பங்கள் மாட்டிக் கொள்கின்றன.

புதுக் கார் கணக்கு

முதலில் மகன் சொல்லும் புதுக் காரைப் பார்ப்போம்.

ஷோரூமில் விலை 50 லட்சம். அதற்குள்ளேயே ஜி.எஸ்.டி. இருக்கிறது. பெரிய கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவிகிதம். அதாவது, 50 லட்சத்தில் சுமார் 14 லட்சம் வரி.

அதோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் ஆயுள் வரி கட்ட வேண்டும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 2023 நவம்பர் முதல் 20 சதவிகிதம். 50 லட்சத்துக்கு 10 லட்சம். ஆக, கார் தெருவுக்கு வருவதற்குள் 60 லட்சம். அதில் 24 லட்சத்துக்கு மேல் வரி! இன்சூரன்சு தனி.

5 ஆண்டு கழித்து என்ன ஆகும்? இன்சூரன்சுக் கம்பெனிகள் காரின் மதிப்பை ஆண்டுதோறும் குறைக்கின்றன. அதற்கு ஓர் அட்டவணை உண்டு. 5 ஆண்டு முடிவில் ஷோரூம் விலையில் பாதியைக் கழித்து விடுவார்கள். 50 லட்சம் 25 லட்சமாகிவிடும். ஆயுள் வரி 10 லட்சம் போனது போனதுதான். மொத்த நட்டம் 35 லட்சம்.

35 லட்சத்தை 60 மாதத்துக்குப் பங்கு போட்டால், மாதம் 58 ஆயிரம் ரூபாய். காரை வெளியே எடுக்காமல் நிறுத்தி வைத்தாலும் இந்த 58 ஆயிரம் போய்க்கொண்டே இருக்கும். பெட்ரோல் செலவு இதில் சேரவில்லை.

பழைய கார் கணக்கு

இனி அப்பாவின் கார். விலை 45 லட்சம். தமிழ்நாட்டில் பதிவான கார் என்றால் ஆயுள் வரியை முதல் சொந்தக்காரர் கட்டிவிட்டார். மறுபடி கட்ட வேண்டாம். மேலும் 5 ஆண்டு ஓட்டி, 20 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக் கொள்வோம். நட்டம் 25 லட்சம்.

புதுக் காரில் 35 லட்சம். பழைய காரில் 25 லட்சம். வித்தியாசம் 10 லட்சம்.

இந்த 10 லட்சந்தான் பழைய காரில் உள்ள லாபம். 45 லட்சம் லாபம் என்று அப்பா நினைக்கிறார். அது முதல் சொந்தக்காரருக்கு நட்டமே தவிர, இவருக்கு லாபம் அல்ல.

5 ஆண்டில் பழுதுச் செலவு 10 லட்சத்துக்குள் அடங்கினால் அப்பா கெட்டிக்காரர். தாண்டினால் மகன் கெட்டிக்காரன்.

பழுதுச் செலவு எவ்வளவு ஆகும்? இங்கேதான் ஒரு சங்கதி பலருக்குப் புரிவதில்லை. காரின் விலை பாதியாகிறது. ஆனால் உதிரிப் பாகத்தின் விலை பாதியாவது இல்லை! 45 லட்சத்துக்கு வாங்கினாலும் அது 90 லட்ச ரூபாய்க் கார்தான். டயர், பிரேக், கண்ணாடி, விளக்கு எல்லாம் 90 லட்ச ரூபாய்க் காருக்கு உள்ள விலைதான்.

இத்தகைய கார்கள் பலவற்றில் இரும்புச் சுருள் வில்லுக்குப் பதில் காற்றுப்பை வைத்திருக்கிறார்கள். பள்ளத்தில் இறங்கினாலும் தொட்டில் மாதிரி இருக்கும். ஆனால் அது ரப்பர். வயதானால் வெடிப்பு விடும். காற்று கசியும். காலையில் பார்த்தால் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அப்புறம் அதற்குக் காற்று அடிக்கும் பம்ப்பும் ஓடி ஓடிக் கெடும். வாரண்டி முடிந்த காரில் இதெல்லாம் சொந்தக்காரர் தலையில்தான்.

பி.எம்.டபிள்யூ. கார்களைச் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் சிங்கப்பெருமாள் கோவில் அருகே 2007 முதல் கட்டுகிறார்கள். "இங்கேயே செய்கிற கார்தானே, பாகம் மலிவாகக் கிடைக்காதா?" என்று கேட்கலாம். கட்டுவது இங்கே. பாகங்களில் பல வெளிநாட்டிலிருந்து வருகின்றன. பழுது பார்க்கக் கம்பெனிப் பட்டறையும் ஊருக்கு ஊர் கிடையாது. சென்னை, கோவை போன்ற பெரிய ஊருக்குப் போக வேண்டும். ஈரோட்டிலிருந்து கோவை 100 கிலோமீட்டர். பழுதான காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் செலவையும் சேர்த்துக் கொள்ள வேண்டியதுதான்.

நீரில் மூழ்கிய கார்

பழுதாவது பரவாயில்லை. பட்டறையில் சரி செய்யலாம். வெள்ளத்தில் மூழ்கிய காரை வாங்கியவர் நிலைதான் பரிதாபம்.

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம். 2023 டிசம்பரில் மீண்டும் வெள்ளம். அதே மாதத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் வெள்ளம். ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. பழுது பார்க்கும் செலவு காரின் மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், இன்சூரன்சுக் கம்பெனி அதை "முழுச் சேதம்" என்று எழுதிவிடும். பிறகு அந்தக் கார் ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுப்பவர்களில் சிலர் அதைக் கழுவி, காயவைத்து, மெத்தை மாற்றி, பளபளவென்று ஆக்கிவிடுகிறார்கள். வேறு ஊரில் விற்று விடுகிறார்கள்.

சொகுசுக் காருக்கு நீர்தான் எமன். வயர்களும் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிகளும் ஆசனத்துக்குக் கீழே, தரை விரிப்புக்குக் கீழே இருக்கின்றன. இன்று ஓடும். ஆறு மாதம் கழித்து உள்ளே பச்சை பூத்து, நடு ரோட்டில் நிற்கும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். கையில் படும் பகுதியைக் கழுவுவார்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை. அங்கே சேற்றுக் கறை இருந்தால் பேச்சை முடித்துக் கொள்ளலாம். மாற்றுச் சக்கரத்தை எடுத்துவிட்டுக் குழியில் மண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆசனத்துத் தண்டவாளத்தில் துரு. விளக்குக்குள் பனி மூட்டம். மூக்கைத் துளைக்கும் சென்ட் வாசனை. இவை எல்லாம் சாட்சிகள். 5 ஆண்டு ஓடிய காரில் தரை விரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

ஓடிய கணக்கிலும் பித்தலாட்டம் உண்டு. மீட்டரைத் திருப்பி வைக்கிறார்கள். மீட்டர் 30 ஆயிரம் கிலோமீட்டர் என்று சொல்லும். பிரேக் மிதியின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருக்கும். டயரின் பக்கத்தில் 4 எண்கள் இருக்கும். 2321 என்றால், 2021-ஆம் ஆண்டில் 23-வது வாரத்தில் செய்த டயர். இதை வைத்தே பல பொய்களைப் பிடித்து விடலாம். கம்பெனிப் பட்டறையில் பார்த்த சர்வீஸ் கணக்கு முழுதும் இல்லாத சொகுசுக் காரைத் தொடவே கூடாது.

உயிர் சம்பந்தப்பட்டது

இது வரை பணம். இனி உயிர்.

பெரிய கார் வாங்கும் பெற்றோர் பலர், "பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு" என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள். நியாயந்தான். ஆனால் பழைய காரில் அந்தப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்த்தார்களா?

மோதல் நடந்தால் விரியும் காற்றுப்பைகள் ஒரு முறைதான் பயன்படும். மறுபடி புதுப் பை வைக்கச் செலவு அதிகம். அதனால், விபத்துக்குள்ளான காரில் பை வைக்காமலே மேல் மூடியை ஒட்டி விற்கிறவர்களும் உண்டு. காரை உயிர்ப்பித்ததும், முன் பலகையில் காற்றுப்பை விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதை விடச் சந்தேகம். விளக்கையே யாரோ பிடுங்கியிருக்கலாம். விளக்கையும் ஏமாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே கம்பெனிப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கச் சொல்வது நல்லது. அதற்குக் கொடுக்கும் கூலியை வீண் செலவு என்று எண்ணக்கூடாது. விற்பவர் மறுத்தால், காரணம் கேட்க வேண்டியதில்லை. வந்துவிடலாம்.

மகனின் புதுக் காரிலும் ஒரு குறை உண்டு. வீட்டில் 6 பேர். காரில் 5 இடம். 6 பேரும் ஏறினால் ஒருவருக்குப் பெல்ட் இல்லை. அந்த ஒருவர் கடைசிக் குழந்தையாகத்தான் இருக்கும். மடியில் உட்கார வைப்பார்கள். 50 லட்சம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பு அந்தக் குழந்தைக்கு இல்லை!

காகிதம்

பதிவுப் புத்தகத்தில் பாங்கிக் கடன் இருந்தால், கடன் தீர்ந்தது என்று பாங்கி கையெழுத்திட்ட 35-ஆம் எண் படிவம் வேண்டும். பெயர் மாற்ற 29, 30 எண் படிவங்கள். வாங்கியவர் 14 நாளுக்குள் இன்சூரன்சைத் தம் பெயருக்கு மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். பழைய சொந்தக்காரரின் போனஸ் தள்ளுபடி அவரோடு போய்விடும், காரோடு வராது.

டில்லியிலிருந்து மலிவாக வரும் டீசல் கார்களில் ஆசை வேண்டாம். அங்கே பழைய டீசல் கார்களுக்குப் பல ஆண்டாகக் கட்டுப்பாடு. அதனால் மலிவு. இங்கே கொண்டுவந்தால் தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டும். மலிவு அங்கேயே கரைந்துவிடும்.

பெட்ரோல் கார் என்றால், 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதா என்று காருடன் வரும் புத்தகத்தில் பார்த்துக் கொள்ள வேண்டும். 2023 ஏப்ரலுக்கு முன் செய்த கார்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

விலை பேசும்போது ஒரு பிடி இருக்கிறது. 2025 செப்டம்பருக்கு முன்பு பெரிய எஸ்.யு.வி.க்கு வரியும் மேல்வரியும் சேர்ந்து 50 சதவிகிதம். இப்போது 40. புதுக் காரின் விலையே இறங்கிவிட்டது. அந்தப் பழைய விலையை வைத்துக்கொண்டு, "நான் இவ்வளவு கொடுத்தேன்" என்று யாராவது கணக்குச் சொன்னால், இன்றைய விலையைக் காட்டிப் பேசலாம்.

புதுக் காரிலும் பேரம் உண்டு. மார்கழியில் நல்ல காரியம் செய்யமாட்டார்கள். தை பிறக்கட்டும் என்று காத்திருப்பார்கள். டிசம்பரில் ஷோரூமில் தள்ளுபடி கொடுக்கிறார்கள். ஆனால் அந்தக் காருக்கு ஜனவரியிலேயே ஒரு வயது ஏறிவிடும். பின்னால் விற்கும்போது அது தெரியும்.

கடன்

20 லட்சத்தை 9 சதவிகித வட்டிக்கு 5 ஆண்டுக் கடனாக வாங்கினால், மாதத் தவணை சுமார் 41,500 ரூபாய். மொத்த வட்டி 4 லட்சத்து 90 ஆயிரம். "7 ஆண்டு எடுத்துக் கொள்ளுங்கள். தவணை 32 ஆயிரந்தான்" என்பார்கள். வட்டி 7 லட்சத்தைத் தாண்டிவிடும். பழைய காருக்குப் பெரும்பாலும் வட்டி இதைவிடக் கூடுதல்.

தவணை கட்டும் காலத்தில் ஒரு பெரிய பழுது வந்தால், அப்போது கை எங்கே போகும்? அம்மாவின் வளையலுக்குத்தான் போகும். அல்லது இரண்டாவது பெண்ணின் கல்லூரிப் பணத்துக்குப் போகும்.

அப்படியானால் எது?

ஈரோட்டுக் குடும்பத்துக்கு 5 ஆண்டு ஓடிய 90 லட்ச ரூபாய்க் கார் வேண்டாம். 50 லட்ச ரூபாய்ப் புதுக் காரும் வேண்டாம்.

3 ஆண்டுக்குள் ஓடிய கார் நல்லது. ஒரே கை மாறியதாக, தமிழ்நாட்டுப் பதிவாக இருக்க வேண்டும். கம்பெனியே சோதித்து, இன்னும் ஒன்றிரண்டு ஆண்டு வாரண்டி எழுதிக் கொடுக்க வேண்டும். 60 லட்ச ரூபாய்க் கார் என்றால், இன்சூரன்சு அட்டவணைப்படி மூன்றாம் ஆண்டில் 42 லட்சம். முதல் சொந்தக்காரர் கட்டிய ஆயுள் வரி 12 லட்சம். புதிதாக வாங்கினால் 72 லட்சம் ஆகும் கார் 42 லட்சத்துக்குக் கிடைக்கிறது. அதிகமாய் இறங்கும் விலையை வேறு ஒருவர் சுமந்துவிட்டார். அதிகமாய்ச் செலவு வைக்கும் வயது இன்னும் வரவில்லை. வாங்கும் நாளிலேயே 5 லட்சம் ரூபாயைத் தனியாகப் பாங்கியில் போட்டுவிட வேண்டும். அது காரின் தீனி. வேறு எதற்கும் எடுக்கக்கூடாது.

அந்த 5 லட்சம் ஒதுக்க முடியாதவர்கள் சொகுசுக் கார் ஆசையை விட்டுவிடலாம். சாதாரணக் கம்பெனியின் 7 பேர் காரைப் புதிதாக வாங்கலாம். அக்கம் பக்கத்தார் வாயைப் பிளந்து பார்க்கமாட்டார்கள். அவ்வளவுதான்!

ஒரு காலத்தில் அம்பாசடருக்கும் பியட்டுக்கும் பதிந்து வைத்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பழைய காருக்கும் அடிதடியாக இருந்தது. இன்று அப்படி இல்லை. இந்தக் கார் போனால் இன்னொரு கார் வரும்.

காரைப் பார்க்கப் போகும்போது பாட்டியையும் அழைத்துப் போக வேண்டும். 7 பேர் கார் என்று சொல்வார்கள். பின் வரிசை பல கார்களில் சிறு பிள்ளைகளுக்குத்தான் சரியாக இருக்கும். கார் வேறு உயரம். பாட்டிக்கு முழங்கால் வலி. நடு வரிசையில் அவர் கைப்பிடித்து ஏறட்டும். கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் உட்காரட்டும். பெரிய பையன் பின் வரிசையில் கால் நீட்டிப் பார்க்கட்டும். பிறகு எல்லாரும் இறங்கி, மறுபடி ஒருமுறை ஏறட்டும். விற்பவர் அவசரப்படுத்தினால், அடுத்த காரைப் பார்க்கப் போகலாம்.