கணித ஆசிரியர் கல்வியில் விடுபட்ட மாறுபாடு

ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளை எழுதும் கணிதப் பட்டதாரிக்குக் கணிதத்தில் வருபவை 30 வினாக்கள். மீதி 120 வினாக்கள் அறிவியல், இரு மொழிகள், குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் என்று பிரிந்துவிடுகின்றன. அந்த 30 வினாக்களுக்குள் புள்ளியியலுக்கென்று தனி ஒதுக்கீடு கிடையாது. மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வுக் கணிதப் பாடத்திட்டத்தின் உள்ளடக்கப் பகுதி எண்களில் தொடங்கி, இயற்கணிதம், வடிவியல், அளவியல் என்று நடந்து, கடைசியில் ‘தரவுகளைக் கையாளுதல்’ என்னும் ஒற்றைத் தலைப்போடு முடிகிறது.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தத் தாளின் எடையைக் கூட்டிவிட்டது. ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள், கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன் நியமனம் பெற்றிருந்தாலும், இரண்டாண்டுக்குள் தேர்ச்சி பெற்றாக வேண்டும். ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுவோர் பணியில் தொடரலாம். தேர்ச்சி இல்லாமல் பதவி உயர்வு இல்லை. சிறுபான்மை நிறுவனங்கள் பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. பணிக்கு வருவோரை வடிகட்டுவதற்கென்று வந்த தாள், பணியில் இருப்போரின் வேலையையும் இப்போது தீர்மானிக்கிறது. அப்படிப்பட்ட தாள் தேர்வாக மட்டும் நிற்பதில்லை. 2027 வரையிலான பணியிடைப் பயிற்சிக்கு அதுவே பாடத்திட்டமாகிவிடுகிறது. பி.எட். மாணவரின் மாலை நேரம் ஏற்கெனவே பயிற்சி மையத்துக்குப் போய்விட்டது; கணிதம் கற்பித்தல் தாளுக்குரிய பகல் நேரமும் அதன் பின்னால் போகும் அபாயம் கண்முன் நிற்கிறது. ஓராண்டு பி.எட்.டுக்கு வழி திறக்கும் 2025ஆம் ஆண்டு வரைவு விதிமுறைகள் நடைமுறைக்கு வருமானால் அந்த நேரம் இன்னும் சுருங்கும்.

வகுப்பறைக்கு வருபவரின் பாட அறிவைச் சோதிப்பதில் தவறில்லை என்பதே இவ்விதழின் நிலைப்பாடு. அதில் மாற்றமில்லை. எதைச் சோதிக்கிறார்கள், எவ்வளவு துல்லியமாகச் சோதிக்கிறார்கள் என்பவையே எழுப்பப்பட வேண்டிய கேள்விகள்.

முதல் குறை தெளிவானது. இரண்டாம் தாள் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு உரியது. தமிழ்நாட்டில் கணிதப் பட்டதாரி ஆசிரியர் 10ஆம் வகுப்பு வரை நடத்துகிறார். திட்ட விலக்கம், மாறுபாட்டுக் கெழு, நிகழ்தகவின் கூட்டல் தேற்றம் ஆகிய மூன்றும் 10ஆம் வகுப்பின் எட்டாம் அலகில் இருக்கின்றன. அவரது பணியின் கடினமான பாதி, அவரது தகுதியை அளக்கும் தாளின் எல்லைக்கு வெளியே கிடக்கிறது.

எண்கள் பகுதியில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. 0.6ஐவிட 0.45 பெரிது என்று சொல்லும் மாணவர், தசமப் புள்ளிக்குப் பின் வருவதை முழு எண்ணாகப் படிக்கிறார். 45க்கு முன் 6 சிறிது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுபவர் தொகுதியையும் பகுதியையும் இரு தனி எண்களாகப் பார்க்கிறார். இத்தகைய பிழைகளின் காரணத்தை நான்கு விடைகளில் ஒன்றாகக் கொடுத்துக் கேட்க முடியும். நல்ல வினா அமைப்பாளர் கிடைத்தால், எண்களைக் கற்பிக்கும் அறிவில் பெரும்பகுதியைப் பல்விடை வினாவில் சோதித்துவிடலாம்.

புள்ளியியல் அந்த அச்சுக்குள் அடங்குவதில்லை. எந்தக் கேள்விக்காகத் தரவு திரட்டப்படுகிறது, யாரிடமிருந்து திரட்டப்படுகிறது, எது விடுபடுகிறது, கிடைத்த எண் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பனதான் அதன் உள்ளடக்கம். இவற்றுக்கு ஒரே சரியான விடை கிடையாது. சூழலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வினா ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் விடையளிக்க வேண்டிய தாளில் இவற்றுக்கு இடமில்லாததால், இடம் கிடைப்பது கணக்கீட்டுக்கு: ஏழு எண்களைக் கொடுத்து இடைநிலை அளவைக் கேட்பது, நிகழ்வெண் அட்டவணையிலிருந்து முகட்டைக் கேட்பது. கேட்கப்படுவதே கற்பிக்கப்படும்.

கணிதப் பட்டதாரி இந்தக் குறையோடுதான் கல்வியியல் கல்லூரிக்கு வருகிறார். இளங்கலையில் அவர் துணைப்பாடமாகப் படித்த புள்ளியியலில் ஈருறுப்புப் பரவலும் பாய்சான் பரவலும் இயல்நிலைப் பரவலும் தேற்றங்களாக வந்தன. பரவல்களின் சராசரியை அவர் வருவித்திருப்பார்; ஒரு தெருவின் தண்ணீர்ப் பயன்பாட்டையோ ஒரு வகுப்பின் உயரங்களையோ அளந்து பார்த்திருக்கமாட்டார். பி.எட்.டில் புள்ளியியல் மறுபடி தலைகாட்டும் இடம் மதிப்பீட்டுத் தாள். அங்கே அடைவுத் தேர்வு ஒன்றை நடத்தி, மதிப்பெண்களுக்குச் சராசரியும் திட்ட விலக்கமும் கண்டு, நிகழ்வுப் பலகோணம் வரைந்து பதிவேட்டில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. புள்ளியியல் பயன்படுத்தப்பட்டது; அதை எப்படிக் கற்பிப்பது என்ற பேச்சு எழவேயில்லை.

விடுபடுவதற்குப் பெயர் மாறுபாடு. புள்ளியியலைக் கணிதத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து பிரிக்கும் கருத்து அதுதான். முக்கோணத்தின் கோணங்களை எத்தனை பேர் கூட்டினாலும் 180 பாகை வரும். ஒரே குளத்தின் நீரை எத்தனை பேர் அளந்தாலும் எண்கள் வேறுபடும். அந்த வேறுபாட்டில் எவ்வளவு தற்செயல், எவ்வளவு காரணத்தோடு வந்தது என்று பிரித்தறிவதற்குத் திட்ட விலக்கம் துணையாகிறது. 10ஆம் வகுப்புப் பாடநூலில் அதைக் காண நான்கு வழிகள்: நேரடி முறை, சராசரி முறை, ஊகச் சராசரி முறை, படிவிலக்க முறை. கணிப்பான் இல்லாத காலத்தில் உழைப்பைக் குறைக்க வந்த கடைசி இரண்டும் இன்று அதிகமான வகுப்பு நேரத்தை விழுங்குகின்றன. நான்கிலும் ஒரே விடை வருகிறதா என்று சரிபார்த்த மாணவருக்கு, அந்த விடை 2 ஆகவோ 12 ஆகவோ இருந்தால் என்ன பொருள் என்று சொல்லத் தெரிவதில்லை. அவருடைய ஆசிரியரிடமும் அதை யாரும் கேட்டதில்லை.

இவ்விதழ் நெடுநாளாக வலியுறுத்தி வரும் கருத்து இதிலிருந்துதான் பிறக்கிறது: மாதிரியின் அளவு சிறுத்தால் மாறுபாடு பெருகும். இதை உணராத ஆசிரியர், தம்மைப் பற்றிச் சொல்லப்படும் எண்களுக்கு முன்னால் வாயடைத்து நிற்கிறார். 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளில் மாவட்ட வாரியான தேர்ச்சி விழுக்காடும் நூறு சதவீதத் தேர்ச்சி பெற்ற பள்ளிகளின் எண்ணிக்கையும் வெளியாகின்றன. மாணவர்களின் முதலிடப் பட்டியலை அரசு 2017இல் கைவிட்டது. பள்ளிகளையும் மாவட்டங்களையும் வரிசைப்படுத்தும் பழக்கம் கைவிடப்படவில்லை.

மலைப்பள்ளி ஒன்றில் 12 பேர் தேர்வு எழுதுகிறார்கள் என்று கொள்வோம். நகரப் பள்ளியில் 300 பேர். இரு பள்ளியிலும் கற்பித்தல் ஒரே தரத்தில் இருக்கிறது, ஒவ்வொரு மாணவருக்கும் தேர்ச்சி வாய்ப்பு 0.95 என்றும் கொள்வோம். 12 பேரும் தேர்ச்சி பெறுவதற்கான நிகழ்தகவு 0.95இன் 12ஆம் அடுக்கு, அதாவது 0.54. 300 பேரும் தேர்ச்சி பெறுவதற்கான நிகழ்தகவு கோடியில் இரண்டு. மலைப்பள்ளி ஏறத்தாழ ஓராண்டு விட்டு ஓராண்டு நூறு சதவீதப் பட்டியலில் ஏறும். நகரப் பள்ளி ஒருநாளும் ஏறாது. மறுபக்கமும் உண்டு. மலைப்பள்ளியில் இருவர் தவறினால் தேர்ச்சி 83 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இருவரோ அதற்கு மேலோ தவறும் நிகழ்தகவு 0.12, எட்டொன்பது ஆண்டுக்கு ஒருமுறை. நகரப் பள்ளி 83க்கு இறங்க வேண்டுமென்றால் 51 பேர் தவற வேண்டும். ஆக, பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சிறு பள்ளிகளே குவியும். ஒரு பள்ளி மாணவர்களின் தேர்ச்சி ஒன்றையொன்று சாராதது என்ற எடுகோள் முற்றிலும் சரியல்ல. அதைத் தளர்த்தினால் எண்கள் மாறும், போக்கு மாறாது. இந்தக் கணக்குக்கு மேல்நிலை முதலாண்டு நிகழ்தகவு போதும்.

ஆனால் மாவட்ட மீளாய்வுக் கூட்டத்தில் இந்தக் கணக்குக்கு இடம் கிடைப்பதில்லை. கடந்த ஆண்டு 100, இந்த ஆண்டு 83 என்று திரையில் வந்ததும் பாட ஆசிரியர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணமே இல்லாத ஒரு மாற்றத்துக்குக் காரணம் தேடச் சொல்வது அறிவுடைய நிர்வாகத்தின் செயல் அல்ல. அந்த ஆசிரியர்தான் வருகையையும் மதிப்பெண்களையும் எமிஸ் என்னும் கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பில் பதிவேற்றுகிறார். பதிவேற்றும் உழைப்பு அவருடையது. திரும்பிவருவது ஒற்றைச் சதவீதம். அதோடு பரவல் வருவதில்லை, பள்ளியின் அளவைக் கணக்கில் கொண்ட ஒப்பீடு வருவதில்லை, முந்தைய ஐந்தாண்டின் ஏற்ற இறக்கமும் வருவதில்லை. புள்ளியியலாளர் மகலனோபிசின் வழிகாட்டலில் 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பைத் தொடங்கிய நாட்டில், மாதிரி அளவு என்ற சொல் கல்வி நிர்வாகத்தின் அன்றாடப் பேச்சில் இடம்பெறாமல் இருப்பது பெருங்குறை. அந்தக் கூட்டத்தில் கணித ஆசிரியராவது எழுந்து இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லும் அறிவை அவருக்குக் கொடுக்காதவர்கள் கல்வியியல் கல்லூரிகளில் இருக்கிறோம் என்பதையும் இவ்விதழின் வாசகர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே அறியாமை தகுதித் தேர்வின் வெட்டுப் புள்ளியிலும் இருக்கிறது. பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி 150க்கு 90. ஒருவரது உண்மையான அடைவு 60 சதவீதம் என்றால், ஈருறுப்பு மாதிரிப்படி ஒரு தேர்வில் அவர் பெறும் மதிப்பெண்ணின் திட்டப் பிழை 150, 0.6, 0.4 ஆகியவற்றின் பெருக்கலின் வர்க்கமூலம், அதாவது 6. வினாக்களின் கடினம் ஒன்றுக்கொன்று மாறுவதால் உண்மை மதிப்பு இதைவிடச் சற்றுக் குறையும். எப்படியும் 89 எடுத்தவரையும் 90 எடுத்தவரையும் பிரித்தறியும் திறன் அந்தக் கருவிக்கு இல்லை. உண்மை அடைவு 84 மதிப்பெண்ணாக உள்ள ஒருவர் ஒருமுறை எழுதினால் தேர்ச்சி பெறும் வாய்ப்பு ஏறத்தாழ 18 சதவீதம்; புதிதாக எதையும் கற்காமல் மூன்று முறை எழுதினால் 45 சதவீதம். நுழைவுத் தேர்வில் இந்தப் பிழை ஓர் அநீதியாக இருந்தது. இருபது ஆண்டு பணியாற்றிய ஒருவரின் சம்பளம் இதன்மேல் தொங்கும்போது, அளவீட்டுப் பிழையை வெளியிடாமல் முடிவை மட்டும் வெளியிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆசிரியர் தேர்வு வாரியம் ஒவ்வொரு தேர்வுக்கும் திட்டப் பிழையைக் கணக்கிட்டு முடிவுகளோடு வெளியிட வேண்டும். வெட்டுப் புள்ளிக்கு ஒரு திட்டப் பிழைக்குள் நிற்பவர்களுக்கு வகுப்பறைக் கற்பித்தலைப் பார்த்து மதிப்பிடும் இரண்டாம் வாய்ப்பு ஒன்றை அரசு ஏற்படுத்த வேண்டும். நீதிமன்றம் தேர்ச்சியை வலியுறுத்தியது சட்டத்தின் அடிப்படையில். தாளை எப்படி அமைப்பது, எப்படி அளப்பது என்பது கல்வித் துறையின் பொறுப்பு. அந்தப் பொறுப்பைத் தீர்ப்பின் பின்னால் மறைக்கக் கூடாது.

கல்லூரிகளின் கையிலிருக்கும் வேலைக்கு எந்த அரசாணையும் தேவையில்லை. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2015இல் ஆசிரியர்களின் புள்ளியியல் கல்விக்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. வருங்கால ஆசிரியர் தரவை நேரில் கையாண்டு கற்க வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. அங்குள்ள பாட அமைப்பை இங்கே பெயர்த்து நட வேண்டியதில்லை, கருத்தை எடுத்துக்கொள்ளலாம். கணிதம் கற்பித்தல் தாளில் புள்ளியியலுக்கும் நிகழ்தகவுக்கும் தனி அலகு வேண்டும். ஊகச் சராசரிக்கும் படிவிலக்கத்துக்கும் அங்கே ஒரு வகுப்பு போதும். மீதி நேரம் கேள்வி எழுப்புவதற்கும் தரவு திரட்டுவதற்கும் போக வேண்டும்.

நிகழ்தகவுக்குப் பாடநூலில் அதிகம் வருபவை சீரான நாணயமும் பகடையும். ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை தாயம் ஆடிய வீடுகளில் இன்றும் உண்டு. அது வெள்ளைப் பக்கம் விழும் வாய்ப்பு பாதியா என்பதை யாரும் சிந்தித்துச் சொல்ல முடியாது. போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு பயிற்சி மாணவரும் தாமே ஒரு கொட்டையைத் தேய்த்து, 10 முறையும் பின் 200 முறையும் உருட்டி, இரு விகிதங்களையும் கரும்பலகையில் எழுதினால், 10 முறை உருட்டியவர்களின் எண்கள் பலகை முழுவதும் சிதறிக் கிடப்பதும், 200 முறை உருட்டியவற்றின் சிதறல் சுருங்குவதும் கண்ணுக்குத் தெரியும். தேய்ப்பு ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், எஞ்சிய வேறுபாட்டில் கொட்டையின் பங்கு எவ்வளவு, தற்செயலின் பங்கு எவ்வளவு என்ற அடுத்த கேள்வி வகுப்பிலேயே எழும். மாதிரி அளவு பற்றி ஒரு பருவம் முழுக்கச் சொல்வதைவிட இந்த ஒரு மணி நேரம் ஆழமாகப் பதியும்.

20 வாரப் பள்ளிப் பயிற்சியில் நடத்தும் அடைவுத் தேர்வுப் பதிவேட்டையும் இதே திசையில் திருப்பலாம். சராசரியும் திட்ட விலக்கமும் கண்டபின் மேலும் இரு பக்கங்கள் எழுத வேண்டும். முதல் பக்கத்துக்கு, வகுப்பின் மதிப்பெண்களைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி, எட்டு எட்டாக எடுத்து, ஒவ்வொரு எட்டின் தேர்ச்சி விழுக்காட்டையும் குறித்து அவற்றின் வீச்சைக் காட்ட வேண்டும். ஒரே வகுப்பிலிருந்து எடுத்த எட்டுகள் எவ்வளவு தூரம் வேறுபடுகின்றன என்பது அங்கே தெரியும். இரண்டாம் பக்கத்தில், தம் பள்ளியின் கடந்த ஐந்தாண்டுத் தேர்ச்சி விழுக்காடுகளைத் தேர்வெழுதிய மாணவர் எண்ணிக்கையோடு சேர்த்து வரைந்து, எந்த ஆண்டின் ஏற்ற இறக்கம் தற்செயலை மீறியது என்று காரணத்தோடு எழுத வேண்டும். பள்ளிப் பதிவேடுகளிலேயே தரவு இருக்கிறது. தலைமையாசிரியரின் அனுமதி போதும். மதிப்பீடு செய்யும் பேராசிரியர் கணக்கீட்டைச் சரிபார்ப்பதோடு நிற்காமல் இந்த இரு பக்கங்களுக்கும் மதிப்பெண் ஒதுக்கினால், வரும் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.