அக்கா முகத்துக்கு வெள்ளையடித்த ஆல்பம்

போன மாதம் கொட்டாம்பட்டியில் தங்கை மகன் கல்யாணம். ஆல்பம் வந்ததும் 74 வயது அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினாள். தன் படத்தின் மேலேயே விரலை வைத்து, "யாருடா தம்பி இந்தப் பொம்பளை?" என்றாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அடையாளம் தெரியவில்லை.

அக்கா நல்ல கறுப்பு. எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். ஆல்பத்தில் அவள் முகம் பிசைந்த மைதா மாவு. மூக்குத்திக் கல் மூக்கோடு கரைந்துவிட்டது. பக்கத்தில் நிற்கும் மாமா வேட்டியில் கரை மட்டும் இருக்கிறது, ஒரு மடிப்பு கிடையாது.

படம் எடுத்த தம்பியிடம் கேட்டேன். "ஸ்கிரீன்ல பளிச்சுனு இருந்துச்சுங்க ஐயா. எல்லாரும் அப்படித்தானே கேக்குறாங்க" என்றார். அந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

மண்டப வாசலில், பகல் வெயிலில் எடுத்த படம் அது. வெயிலில் கேமரா ஸ்கிரீன் மங்கித் தெரியும். உடனே வெளிச்சத்தைக் கூட்டுவார்கள். இருட்டான மண்டபத்துக்குள் அதே ஸ்கிரீன் பளபளக்கும். உடனே குறைப்பார்கள். இப்படி இடத்துக்கு இடம் பேச்சு மாற்றுகிறவனைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாமா? அதே கேமராவில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஹிஸ்டோகிராம் வரும். இடது ஓரம் 0, முழுக் கறுப்பு. வலது ஓரம் 255, முழு வெள்ளை. எந்த அளவு வெளிச்சத்தில் எத்தனை புள்ளிகள் என்று எண்ணிக் குவித்துக் காட்டும். தம்பியிடம் மூலப் படத்தை வாங்கிக் கணினியில் பார்த்தேன். மாமா வேட்டி மொத்தமும் வலதுசுவரில் முட்டி நிற்கிறது.

கேமரா மீட்டரையும் அப்படியே நம்பக்கூடாது. அதற்கு முன்னால் எதைக் காட்டினாலும் சுமார் 18 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறப் பொருளாகவே நினைத்துக்கொள்ளும். படம் முழுக்கக் கறுப்புக் காளை இருந்தால் அது சாம்பல் காளையாகும். வெள்ளை வேட்டி நிறைந்திருந்தால் நீலம் போடாத பழுப்பு வேட்டியாகும். காளைக்குக் குறைக்க வேண்டும், வேட்டிக்குக் கூட்ட வேண்டும். இது மனிதன் முடிவு செய்ய வேண்டியது.

"கூம்பு நடுவில் இருந்தால்தான் சரியான எக்ஸ்போஷர்" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். சுத்த அபத்தம். கறுப்பு முகமும் கத்தரிப்பூ நிறச் சேலையுமாக நிற்கும் அக்காவுக்குக் குவியல் இடது பக்கம்தான் இருக்க வேண்டும். அது பிழையல்ல, அவள் நிறம். அரக்குப் பட்டு என்றால் சிவப்புக்கான வரைபடத்தைத் தனியாகப் பாருங்கள். பொது வரைபடம் சாதுவாகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் சுவரில் முட்டியிருக்கும், ஜரிகை ஓரத்து நெசவெல்லாம் ஒரே பூச்சாகிவிடும்.

"ஆக்ஃபா கிளிக் 3-இல் வெயில், மேகம் என்று குறி வைத்தே எடுத்தோமே" என்பார்கள் என் வயதுக்காரர்கள். எடுத்தோம். நெகட்டிவ் பிலிம் கூடுதல் வெளிச்சத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், பிரிண்ட் போடுகிறவர் மீட்டுத் தருவார். டிஜிட்டலில் 255-இல் வெளுத்த இடத்தில் மீட்க ஒன்றுமில்லை.

கலர் பிலிம் காலத்தில் கொடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய ஷெர்லி கார்டில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண் முகம்தான் இருந்தது. அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. அதற்கு அமெரிக்காக்காரனைத் திட்டலாம். இப்போது யாரைத் திட்டுவது? "பொண்ணுக்குக் கொஞ்சம் கலர் கூட்டிக் குடுங்க தம்பி" என்று போட்டோக்காரர் காதில் போய்ச் சொல்வது நாம்தானே. என் கல்யாணத்தில் நானே சொல்லியிருக்கிறேன். மனைவி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

ஆவணியில் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. அதே தம்பியைத்தான் பேசியிருக்கிறார்கள். முதல் படம் எடுத்ததும் ஹிஸ்டோகிராமை என்னிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்த படம் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, "சரிங்க ஐயா" என்றார்.