சாமி கண்ணைக் குத்துமா?

சர்க்கரைப் பொங்கலைப் படைத்து, கற்பூரம் காட்டி, கும்பிட்டு முடிந்ததும் ஆறு வயதுப் பிள்ளை பாத்திரத்தை எட்டிப் பார்க்கிறது. "சாமி சாப்பிட்டுச்சுன்னா ஏன் பாட்டி குறையவே இல்ல?" கண்ணால் பார்த்ததை வைத்துக் கேட்ட நியாயமான கேள்வி. பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அப்படியெல்லாம் கேக்கக் கூடாது. கன்னத்துல போட்டுக்கோ, சாமி கண்ணைக் குத்தும்."

பாட்டியைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கும் சின்ன வயதில் இதே பதில்தான் கிடைத்திருக்கும். குறை சொல்ல வேண்டியது அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கையை. கேள்வி கேட்டால் பக்தி போய்விடும், வாயை அடக்கி வளர்த்தால்தான் பிள்ளை சமயத்தில் நிலைக்கும் என்கிறார்கள். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று பழமொழியையும் துணைக்கு அழைக்கிறார்கள். கோயிலுக்குப் போகிற வீடு, மாதா கோயிலுக்குப் போகிற வீடு, பள்ளிவாசலுக்குப் போகிற வீடு எல்லாம் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கின்றன.

ஆனால் அந்த வீடுகளில் போற்றப்படும் நூல்கள் வேறு கதை சொல்கின்றன. கடோபநிடதத்தின் நாயகனான நசிகேதன் ஒரு சிறுவன். பால் வற்றிய கிழட்டுப் பசுக்களைத் தானம் செய்கிற அப்பாவிடம், "என்னை யாருக்குக் கொடுப்பீர்கள்?" என்று மூன்று முறை கேட்கிறான். எரிச்சலில் எமனுக்குக் கொடுத்தேன் என்கிறார் அப்பா. எமனோ, பொன்னும் அரசும் தருகிறேன், சாவைப் பற்றி மட்டும் கேட்காதே என்று பேரம் பேசிப் பார்த்துத் தோற்று, உன்னைப்போல் கேட்பவர்கள் வேண்டும் என்று அவனைப் பாராட்டுகிறான். இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய், காட்டு என்று இறைவனிடமே கேட்கிறார் இப்ராஹீம் நபி. மனம் அமைதி பெறுவதற்காகக் கேட்கிறேன் என்று அவர் சொன்னதைக் குர்ஆன் பதிவு செய்கிறது. அவருக்குத் தண்டனை வரவில்லை, விளக்கம் வந்தது. ஆணித் தழும்பைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று அடம்பிடித்த சீடர் தோமா. பார்க்காமல் நம்புகிறவர்கள் பேறுபெற்றவர்கள் என்று இயேசு சொன்னது உண்மைதான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் தழும்பைக் காட்டினார். அந்தத் தோமாவின் பெயரில்தான் சென்னையில் சாந்தோம் இருக்கிறது.

புராண காலம் வேண்டாம் என்பவர்களுக்கு யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இருக்கிறார். நல்லூரில் 1822-இல் பிறந்த அவர் படித்தது மெதடிஸ்த மிஷன் பள்ளியில். பிறகு பெர்சிவல் பாதிரியாருக்குத் தமிழ்ப் பண்டிதராக இருந்து பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தார். இன்றைய பெற்றோர் அளவுகோலின்படி, நெருப்போடு விளையாடி நிச்சயம் கெட்டுப்போயிருக்க வேண்டிய பிள்ளை. நடந்தது என்ன? 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1854-இல் வெளிவந்த 'சைவதூஷண பரிகாரம்' நூலில், பைபிளிலிருந்தே மேற்கோள் காட்டிச் சைவச் சடங்குகளுக்காக வாதாடினார். மாற்றுச் சமயத்தைக் கரைத்துக் குடித்ததால் அவர் சைவம் வலுத்தது. சொந்த வீட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை: நல்லூர்க் கந்தசாமி கோயில் ஆகமப்படி நடக்கவில்லை என்று மோதினார், கோயில்களில் ஆடு வெட்டுவதைக் கண்டித்தார். சாதி என்று வந்தபோது மட்டும் அந்தக் கேள்வி அவரிடம் எழவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவர் எழுதிய 'சைவ வினாவிடை'க்கு நேர்ந்த கதி இன்னொரு வேடிக்கை. கேள்வியும் புத்தகத்தில், பதிலும் புத்தகத்தில். பிள்ளைகள் இரண்டையும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும் இதே முறைதான். புத்தகத்தில் இல்லாத கேள்வியை ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

இப்போது அதட்டலுக்குப் பதில் புதிதாக ஒரு வாயடைப்பு வந்திருக்கிறது: "இதுக்குப் பின்னால சயின்ஸ் இருக்கு." வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது, ரத்தத்தில் இருக்கும் இரும்பைப் பூமியின் காந்தம் இழுக்கும் என்று வாட்ஸ்அப்பில் படித்ததைப் பிள்ளையிடம் ஒப்பிக்கிறார் அப்பா. மருத்துவமனையில் சாதாரணமாக இருக்கும் 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப்புலம் பூமியினுடையதைப் போல் ஏறக்குறைய 30,000 மடங்கு. அதற்குள் படுத்தவர்கள் எழுந்து நடந்துதான் வீட்டுக்குப் போகிறார்கள். பத்தாம் வகுப்பில் இதைப் படிக்கிற பிள்ளை அப்பாவின் அறிவியலை மட்டுமா சந்தேகப்படும்? கூடவே அவர் சொல்லிக்கொடுத்த திருநீற்றையும்தான். "எங்க வீட்டு வழக்கம், எனக்குக் காரணம் தெரியாது" என்று சொல்லியிருந்தால் இந்தச் சேதம் வந்திருக்காது.

வழக்கம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவை எல்லாம் இப்படிச் சாதுவானவை அல்ல. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழையக் கூடாது என்பதும் வழக்கம்தான். 1939 ஜூலை 8 அன்று அவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போனவர் அ. வைத்தியநாத ஐயர்; கூடப் போனவர்களில் ஒருவர் கக்கன். கோயிலே வேண்டாம் என்றவர்கள் அல்லர், கும்பிட வேண்டும் என்று போனவர்கள். முன்னோர் செய்ததை மாற்றக் கூடாது என்று அன்று எதிர்த்தவர்களும் பக்தியின் பெயரால்தான் எதிர்த்தார்கள். அடங்கிப் போகப் பழகியவர்களை மட்டும் நம்பியிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்காது.

பகுத்தறிவு பேசும் வீடுகளும் சிரிக்க வேண்டாம். திருவிழாவுக்குப் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்கும் மகளை முறைக்கிற அப்பாவும் கண்ணைக் குத்துகிற சாமிதான்.

தேவார வகுப்பு, மறைக்கல்வி, மதரசா நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் அரை மணி நேரம் புத்தகத்தை மூடி வையுங்கள். பிள்ளைகள் தங்கள் சொந்தக் கேள்வியைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தரட்டும். தெரிந்ததற்குப் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று அவர்கள் முன்னாலேயே சொல்லுங்கள்.