நஞ்சின் வேரை நாடுக

குளக்கட்டு உடைந்தால் ஊரே மண்வெட்டியோடு திரளும். வெள்ளத்தால் வரும் கேடு கண்ணுக்குத் தெரிவது. ஆகையால் அதைத் தடுக்கக் கைகளும் விரைந்து வரும். இளைஞன் ஒருவனின் சட்டைப்பையிலே சிறு பொட்டலமாய் வந்து சேரும் கேட்டுக்கோ ஒலியுமில்லை, உருவமுமில்லை. அது வெளிப்படும் நாளிலே ஒரு வீட்டின் பிள்ளை பெற்றோரின் கையை விட்டு நழுவியிருப்பான்.

கிளிநொச்சிக்கு மேற்கே, அக்கராயன் குளத்து நீரை நம்பிய வயல்களுக்கு அயலே உள்ளது ஸ்கந்தபுரம். 1996ஆம் ஆண்டிலே கிளிநொச்சி நகரை விட்டுப் பெயர்ந்த மக்களுக்கு நிழல் கொடுத்த பகுதி இது. 2009ஆம் ஆண்டு முடிவுற்ற போரிலே இப்பகுதி மக்களும் அனைத்தையும் இழந்தனர். மீண்டு வந்தோர்க்கு எஞ்சிய முதல், பிள்ளைகளின் கல்வி ஒன்றே. அந்த முதலையும் போதை அரித்துவிடுமாயின், இத்தகைய ஊர்கள் மீண்டும் எழுவதற்குப் பற்றுக்கோடு வேறெது? ஆதலால், போதைப்பொருளைத் தடுக்கும் தேசிய நிறுவனம் எவ்வாறு தொழிற்பட வேண்டும் என்பது கொழும்பு மாத்திரம் பேச வேண்டிய பொருளன்று. வன்னியும் பேச வேண்டிய பொருளாகும்.

நம் நாட்டிலே இதற்கெனச் சட்டங்களும் உள, நிறுவனங்களும் உள. நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பொலிஸ் போதைப்பொருள் பணியகம் 1973இல் தோன்றியது. 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை அமைந்தது. அதே ஆண்டிலே பழைய கட்டளைச் சட்டமும் திருத்தப்பெற்று, இரண்டு கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினுக்கு மரண தண்டனையோ ஆயுட் சிறையோ விதிக்க வழி செய்யப்பட்டது. 2022இல் ‘ஐஸ்’ எனப்படும் போதைப்பொருளும் அவ்வாறே கடுந்தண்டனைக்குள் கொண்டுவரப்பட்டது. கடற்படை, சுங்கம், மதுவரித் திணைக்களம், விசேட அதிரடிப் படை ஆகியனவும் இப்பணியிலே பங்குகொள்கின்றன.

இத்தனை இருந்தும் நஞ்சு கிராமத்தை எட்டுவது எவ்வாறு? ஹெரோயினுக்கு மூலமான அபினி ஸ்கந்தபுரத்து வயலிலே விளைவதன்று. ஆப்கானிஸ்தானத்து மண்ணிலே விளைந்த நஞ்சு மக்ரான் கரையிலே படகேறி அரபிக் கடலைக் கடந்து நம் கடலுக்கு வருகின்றது. ‘கேரளக் கஞ்சா’ என்று பெயர்பெற்றதோ பாக்கு நீரிணையைத் தாண்டி வட கரையிலே இறங்குகின்றது. இந்த நீண்ட கயிற்றின் ஒரு முனையிலே பெருஞ்செல்வர் இருக்கின்றனர். மறுமுனையின் கடைசி முடிச்சாகத்தான் நம் ஊர் இளைஞன் நிற்கின்றான். கடைசி முடிச்சை நாள்தோறும் அறுத்துக்கொண்டிருந்தால் கயிறு குறையாது. வேறொரு முடிச்சு விழும்.

அரசன் கடமையைப் பேச வந்த திருவள்ளுவர் செங்கோன்மை, வெருவந்த செய்யாமை, ஒற்றாடல் என்று மூன்றையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்தார். ஓர் ஒற்றன் தந்த செய்தியையும் மற்றோர் ஒற்றனைக்கொண்டு தெளிய வேண்டும் என்பது அவர் கருத்து. இன்றைய தடுப்பு நிறுவனத்துக்கும் இம்மூன்றுமே வேண்டப்படுகின்றன.

முதலாவது, ஒற்றாடல். கடலிலே படகைத் தொடர்வது போலவே கரையிலே பணத்தையும் தொடர வேண்டும். பணம் தூயதாக்கலைத் தடுக்கும் சட்டம் 2006இலும், குற்றத்தால் ஈட்டிய சொத்துகள் பற்றிய சட்டம் 2025இலும் இயற்றப்பட்டன. பொட்டலம் விற்றவனைப் பிடிப்பதற்கு ஒரு சோதனைச் சாவடி போதும். அவனுக்கு அதனை அனுப்பியவனின் மாளிகையைக் கண்டுபிடிப்பதற்குக் கணக்கறிவும் பொறுமையும் வேண்டும். தேசிய நிறுவனம் ஒன்றின் சிறப்புப் பணி இதுவேயாம்.

இரண்டாவது, அச்சமூட்டாத ஆட்சி. 2023ஆம் ஆண்டு டிசம்பரிலே ‘யுக்திய’ என்னும் பெயரால் தொடங்கிய நடவடிக்கையிலே ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் 29,000க்கு மேற்பட்டோர் கைதாயினர். அதனை இடைநிறுத்தி மீளாய்வு செய்யுமாறு ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியிலே கோரினர். ‘கடுமையின்றிக் கயவர் அடங்குவரோ?’ என்று வினவுவோர் உளர். அவர்களின் கோபம் நியாயமானதே. பிள்ளையை இழந்த தாயின் முன்னே நின்று மென்மை பேசுதல் எளிதன்று. ஆயினும் மரண தண்டனை 1984 முதல் சட்டப் புத்தகத்திலே இருக்கின்றது, கடத்தல் நின்றுவிடவில்லை. குற்றவாளியை அஞ்சவைப்பது தண்டனையின் பாரத்தினும் அது தப்பாது வரும் என்னும் உறுதியே. கைதானோர் தொகையை வெற்றியின் அளவுகோலாகக் கொள்ளும் நிறுவனம், எளிதில் அகப்படுவோரையே தேடிப் போகும்; ஏழை இளைஞரே எளிதில் அகப்படுவோர்.

மூன்றாவது, செங்கோன்மை. குற்றத்தை நாடித் தகுதியறிந்து ஒறுப்பதே நீதியானால், விற்பவனையும் அடிமையானவனையும் ஒரே தட்டிலே நிறுத்துதல் தகாது. அடிமைப்பட்டோர்க்குச் சிகிச்சையும் புனர்வாழ்வும் அளிக்க 2007ஆம் ஆண்டிலே தனிச் சட்டம் வந்தது. அத்தகைய புனர்வாழ்வுக்கென அமைந்த கந்தக்காடு நிலையத்திலேயோ 2022 ஜூனில் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். வைத்தியம் சிறையின் சாயலைப் பெற்றுவிட்டால் எந்தத் தாய் தன் மகனை மனமுவந்து அழைத்துச் செல்வாள்? ஊருக்கு அண்மையிலே, மருத்துவரின் பொறுப்பிலே, குடும்பத்தார் வந்து காணும் வகையிலே சிகிச்சை கிடைத்தல் வேண்டும்.

இவை யாவற்றுக்கும் அடிப்படை நம்பிக்கை. கைப்பற்றிய போதைப்பொருளைக் கடத்தற்காரருக்கே விற்றனர் என்னும் குற்றச்சாட்டிலே, 2020ஆம் ஆண்டு அப்பணியகத்தின் உத்தியோகத்தர் பத்துப் பேருக்கு மேல் கைதாயினர். அவர்களைப் பிடித்ததும் பொலிஸாரே என்பது உண்மை. அது ஆறுதலும் ஆகும். எனினும் வேலியின் மீதே ஐயம் எழுந்தபின் பயிர்க்காரன் உறங்கான். கடத்தலை முதலிற் காண்பவன் மீனவன், கடைக்காரன், ஆசிரியன். தான் சொன்ன சொல் மாலைக்குள் விற்பவனின் காதை எட்டும் என்று அஞ்சினால் அவன் வாய் திறப்பானோ? அரசியலமைப்பின்படி வட மாகாணத்தின் நிருவாக மொழி தமிழ். கிராமத்தவன் சொல்வதை அவன் மொழியிலே எழுதி, அவனுக்கே வாசித்துக் காட்டி, அவன் பெயரைக் காப்பாற்றும் உத்தியோகத்தர் ஒருவர், பத்துச் சோதனைச் சாவடிகளிலும் மேலான காவலர்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவர்க்கும் ஒரு சொல். வகுப்பிலே ஒரு மாணவனின் வரவு குறைவதையும் கண் மங்குவதையும் முதலிற் காண்பவர் ஆசிரியரே. அவனைப் பெயரெடுத்துப் பழித்தல் அவனை விற்பவனிடமே தள்ளிவிடும். அவன் பெற்றோரோடு பேசுக, மருத்துவரை நாடுக, மாலை வேளையிலே அவனுக்கு விளையாட்டுத் திடலும் வாசிகசாலையும் திறந்திருக்கச் செய்க. விற்பவனைத் தேடும் பணியைச் சட்டத்திடம் விடுக. சட்டம் அதனைச் செய்கின்றதா என்று இடையறாது கேட்டுக்கொண்டே இருக்க.

குளக்கட்டைக் காக்க ஊர் திரள்வது போலப் பிள்ளைகளைக் காக்கவும் ஊர் திரள வேண்டும். ஆனால் ஊர் காக்கக்கூடியது கட்டை மாத்திரமே. வெள்ளம் புறப்படும் இடத்தை அடைப்பது அரசின் கடன். அக்கடனைத் தேசிய நிறுவனம் ஆற்றுகின்றதா என்பதைக் கைதானோர் கணக்காலன்றி, பள்ளியிலே மீண்டும் வந்தமர்ந்த பிள்ளைகளின் கணக்கால் அளந்தறிவோமாக.