கரையோடு நின்றுவிடும் வானொலி

சில மாதங்களுக்கு முன்னர் திருகோணமலையில் என் பழைய நண்பர் ஒருவரின் மகனுடைய படகில் ஓர் இரவைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கண்ணாடியிழையால் ஆன படகு. மோட்டார் காரில் இருந்து கழற்றிய ஸ்டீரியோ ஒன்றை அணியத்துக்கருகே பெட்டியடித்துப் பூட்டியிருந்தார். கரையை விட்டுப் புறப்பட்டபோது பண்பலையில் பாடல் தெளிவாகவே ஒலித்தது. கரை விளக்குகள் மங்கத் தொடங்கியதும் பாடலும் மங்கியது. பின்னர் வெறும் இரைச்சல். தம்பி சலிப்பேதும் இன்றி ஒரு பென் டிரைவைச் செருகினார். “ரேடியோ கரையோடு சரி ஐயா. இதில ஆயிரம் பாட்டுக்கு மேல கிடக்கு” என்றார்.

அன்று விடியும்வரை பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் நாற்பது ஆண்டுகளாகச் செய்தியோடு வாழ்ந்து பழகிய எனக்கு மனம் அமைதியடையவில்லை. அந்தப் பெட்டி அளவில்லாமல் பாடும். ஆனால் ‘காற்று வலுக்கிறது, கரைக்குத் திரும்புங்கள்’ என்று ஒருபோதும் சொல்லாது.

கடலில் பண்பலை ஏன் கேட்பதில்லை? அது ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும் அலை. பூமியின் வளைவுக்கு அப்பால் அது இறங்கி வருவதில்லை. 100 மீற்றர் உயரமான கோபுரத்தில் இருந்து வரும் ஒலியை, 4 மீற்றர் உயரத்தில் அன்ரனா கட்டிய படகு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வரையே நம்பிக்கையுடன் பெறலாம். கோபுரம் உள்நாட்டில் இருந்தால் அந்தத் தூரத்தில் ஒரு பங்கு தரையிலேயே கழிந்துவிடும். மத்திய அலையின் இயல்பு வேறு. அது பூமியின் மேற்பரப்பைத் தழுவிச் செல்வது. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், தரையைக் காட்டிலும் கடலின் மேல் அது வெகுதூரம் போகும். இரவில் வானின் மின்னணு மண்டலத்திற் பட்டுத் தெறித்து இன்னும் தொலைவை எட்டும். கடலோடிகளுக்கென்றே இயற்கை வகுத்த அலை அது எனலாம்.

எம் தலைமுறையினருக்கு இது புதிதன்று. 1925இல் கொழும்பில் தொடங்கிய இலங்கை வானொலி, பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் ஒரே வேளையில் கேட்டது மத்திய அலையினாலும் சிற்றலையினாலுமே. தொண்ணூறுகளில் வடக்கிற்கு பற்றரி கொண்டுசெல்வது தடை செய்யப்பட்டிருந்தபோது, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவில் இருந்து வந்த மின்சாரத்தில் நாம் செய்தி கேட்டோம். ஒருவர் சுழற்ற மற்றவர் கேட்பார். அவ்வளவு பாடுபட்டது பாட்டுக்காக மட்டுமன்று.

தம்பியின் படகிலுள்ள குறைகளைத் தீர்க்க வழியுண்டு. காரின் அன்ரனா காரின் உலோக உடலையே தன் மறுபாதியாகக் கொண்டு இயங்குவது. கண்ணாடியிழைப் படகில் அந்த மறுபாதி இல்லை. ஆதலால் உலோகத் தளம் வேண்டாத, படகுகளுக்கென்றே செய்யப்பட்ட, ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளமான அன்ரனாவை இயன்ற அளவு உயரத்தில் கட்டவேண்டும். மத்திய அலையில் எழும் இரைச்சலுக்குப் பெரும்பாலும் படகே காரணம். மலிவான எல்.ஈ.டி. விளக்குகள், இன்வேர்ட்டர், இயந்திரத்தோடு பூட்டிய மின்பிறப்பாக்கி ஆகியவை அந்த அலையைக் குழப்புகின்றன. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். கையடக்க வானொலியாயின் அதனைச் சற்றுத் திருப்பி வைத்தாலே ஒலி கூடும். அதனுள் இருக்கும் அன்ரனா திசை பார்த்தே அலையை வாங்குகிறது.

ஆயினும் அன்ரனாவைத் திருத்துவது மீனவரின் வேலை. ஒலிபரப்பே இல்லாமற் போனால் அவர் எதனைத் திருத்துவது? உலகெங்கும் மத்திய அலையும் நெட்டலையும் ஒவ்வொன்றாக அணைக்கப்பட்டு வருகின்றன. ஜேர்மனியின் தேசிய வானொலி 2015ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய அலையைக் கைவிட்டது. பிரான்சின் அரச வானொலி 2016இன் இறுதியில் நெட்டலையை நிறுத்தியது. மின்கட்டணம் அதிகம், கேட்போர் குறைவு, ஒலித்தரம் போதாது என்பன சொல்லப்படும் காரணங்கள். கணக்குப் பார்க்கும் அதிகாரியின் மேசையில் இவை நியாயமானவையே. ஆனால் அந்த மேசை கரையில் இருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது.

2011 நவம்பர் 25ஆம் திகதி எமது தென்கரையைத் திடீரெனப் புயற்காற்றுத் தாக்கியபோது கடலில் நின்ற மீனவர் பலர் மாண்டனர். முன்னறிவித்தல் கிடைக்கவில்லை என்ற குரல் அன்று கரையெங்கும் எழுந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கன்னியாகுமரி, கேரளக் கரைகளில் இருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தோருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அவர்களுட் பலர் திரும்பவேயில்லை. அதன் பின்னர், 2019இல், செய்மதி வழியாக எச்சரிக்கையைப் பெற்று மீனவரின் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் கருவியை இந்தியா அறிமுகப்படுத்தியது. நல்ல முயற்சி. ஆனால் கருவி வாங்க வேண்டும், பற்றரி இருக்க வேண்டும், எப்போதும் அதனை முடுக்கி வைத்திருக்கவும் வேண்டும்.

இங்கேதான் பாட்டின் அருமை விளங்குகிறது. எச்சரிக்கையை மட்டும் எதிர்பார்த்து இரவு முழுவதும் ஒரு கருவிக்குக் காது கொடுப்பவர் எவருமில்லை. பாட்டுக்காகத் திறந்திருந்த வானொலியில்தான் வானிலை அறிக்கை தானாக வந்து காதில் விழுந்தது. பாட்டும் எச்சரிக்கையும் ஒரே பெட்டியில் இருந்த காலத்தில் பாட்டு எச்சரிக்கையைச் சுமந்தது. பென் டிரைவ் பாட்டைப் பிரித்தெடுத்துக்கொண்டது. எச்சரிக்கை அநாதையாகிவிட்டது.

ஆகவே நான் கேட்பது பெரிதன்று. கரையோரத்தை நோக்கி மத்திய அலை ஒலிபரப்பு ஒன்று இரவு முழுவதும் நடைபெற வேண்டும். மீனவர் விரும்பும் பாடல்களுக்கிடையே மணிக்கொரு தடவை காற்றும் கடலும் பற்றிய அறிவித்தல் வரவேண்டும். அதுவும் சிங்களத்தைப் போலவே தமிழிலும் அதே நிமிடத்தில் வரவேண்டும். அரை மணி நேரம் கழித்து வரும் மொழிபெயர்ப்பு கடலில் பயன்படாது. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் மக்களுக்கு அவர்களுடைய சொல்லிலேயே அது சொல்லப்பட வேண்டும்.

விடியற்காலையில் கரைதொட்டதும் என் பயணப்பையில் இருந்த சிறிய வானொலிப் பெட்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். “இதில பாட்டு இரையுமே ஐயா” என்றார். “இரைந்தாலும் பரவாயில்லை, வைத்திரும்” என்றேன். அந்தப் பெட்டிக்குள் வந்து சேர ஒரு குரலை அனுப்பிவைக்கும் பொறுப்பு கரையில் இருக்கும் எங்களுடையது.