கதவைத் திறந்துவிட்டால் சரியா?

றிமோட் டெஸ்க்டொப் வேலை செய்யவில்லை என்றால் எங்கட ஆக்கள் முதலில் செய்வது ஃபயர்வோலை நிப்பாட்டுவது. அதுக்கும் சரிவராட்டி றவுட்டரில் 3389 ஆம் போட்டை முழு இணையத்துக்கும் திறந்துவிடுவது. இரண்டும் பிழை என்பதே என் கருத்து.

அண்மையில் நானும் வீட்டிலிருந்து அலுவலகக் கணினிக்குள் போக முடியாமல், அங்கே நின்ற நண்பனிடம் ஃபயர்வோலை நிப்பாட்டச் சொன்னேன். "மச்சான், கொம்பியூட்டரே ஸ்லீப்பில கிடக்குது" என்றான்.

பெரும்பாலும் காரணம் இப்படிச் சின்னதுதான். கரண்ட் போய் வந்தபின் கணினியின் ஐபி முகவரி மாறியிருக்கும். செட்டிங்ஸில் றிமோட் டெஸ்க்டொப்பை ஒன் பண்ணியிருக்கமாட்டோம். விண்டோஸ் ஹோம் என்றால் உள்ளே எடுக்கவே எடுக்காது, புரோ வேண்டும். முதலில் இவற்றைப் பாருங்கோ.

3389 ஊரறிந்த இலக்கம். திறந்த கணினிகளைத் தேடி இரவு பகலாய்த் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இணையத்தில் ஏராளம். 2019 இல் வெளிவந்த 'புளூகீப்' ஓட்டை, பழைய விண்டோஸ் 7 கணினிகளுக்குள் கடவுச்சொல்லே இல்லாமல் நுழைய வழிவிட்டது. வெளியிலிருந்து வரத்தான் வேண்டுமென்றால் விபிஎன் வழியாக வாருங்கோ.

அலுவலகக் கணினியில் இருப்பது எங்கட கோப்புகள் மட்டுமில்லை. அஞ்சு நிமிசம் மிச்சம் பிடிக்க, மற்றவர்களின் சம்பள விபரத்தைத் தெருவில் வைக்க எங்களுக்கு என்ன உரிமை?